வண்டி தரையில் நின்ற பிறகு டைட் வையுங்கள்

வண்டி குதிக்கிறது என்றால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அலைன்மென்ட் போய்விட்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் வரும் பதில்கள் இந்த இரண்டும்தான். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு இந்தப் பதில்கள் பெரும்பாலும் போதாது. அங்கே முதலில் செத்துப்போவது ரப்பர். சக்கரத்தையும் சேஸியையும் இணைக்கிற ஒவ்வொரு மூட்டிலும் கட்டைவிரல் பருமனில் புஷ் என்கிற ஒரு ரப்பர் துண்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அது கல்லாகவோ தூளாகவோ ஆன பிறகு புது ஷாக் போட்டாலும், எத்தனை தடவை அலைன்மென்ட் பார்த்தாலும் வண்டி சரியாக நிற்காது.

என்னிடம் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1967 முதல் 1970 வரை இங்கிலாந்தில் செய்த மாடல். 1296 சி.சி. எஞ்சின், இரண்டே இருக்கை, மொத்த எடை முக்கால் டன் அளவுதான். பெரியப்பா பெங்களூரில் வாங்கி வைத்திருந்த வண்டி இப்போது கிருஷ்ணகிரியில் என் வீட்டு ஷெட்டில் இருக்கிறது. இந்த வண்டி நம் ஊருக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். இதன் சேஸி ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கிச் செய்தது. அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. முன் சஸ்பென்ஷனும் அடிப்படையில் ஒன்றுதான். அதனால் தர்மபுரியிலோ சேலத்திலோ தாத்தா காலத்து ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும்.

புஷ் என்பது என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். உள்ளே ஒரு எஃகுக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். சக்கரத்தைச் சேஸியோடு சேர்க்கிற இரும்புக் கைதான் ஆர்ம், அதன் முனையில் இருக்கிற வட்டத் துளைதான் கண். ரப்பரின் வெளிப்பக்கம் அந்தக் கண்ணுக்குள் இறுக்கமாகப் பிடித்திருக்கும். போல்ட்டை டைட் வைத்தால் உள் குழாய் சேஸியின் பிராக்கெட்டோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். சக்கரம் மேலே ஏறும்போது ஆர்ம் திரும்புகிறது, ஆனால் குழாய் திரும்புவதில்லை. நடுவில் இருக்கிற ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்து, திரும்பப் பழைய நிலைக்கு வருகிறது. அதாவது அங்கே உராய்வே கிடையாது. எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை, அதனால் கிரீஸும் தேவையில்லை. நம் மெக்கானிக்குகள் சைலன்ட் பிளாக் என்று சொல்வது இந்த வகையைத்தான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், எந்த புஷ் வாங்குவது, எப்படிப் போடுவது என்ற இரண்டு கேள்விக்கும் பாதிப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

ஸ்பிட்ஃபயரில் இவை எங்கெங்கே இருக்கின்றன? முன்பக்கம் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டின் உட்புற முனைகளிலும், ஷாக்கின் கீழ்க் கண்ணிலும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற ஆன்டி ரோல் பாரைச் சேஸியோடு பிடிக்கிற இடங்களிலும், ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஸ்டியரிங் ரேக்கைத் தாங்குகிற இடத்திலும் இருக்கின்றன. பின்பக்கம் குறுக்காகப் போகிற பட்டை ஸ்பிரிங்கின் இரண்டு கண்கள், சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்மின் இரண்டு முனைகள், ஷாக், எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கிற டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர்கள். தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சின்னத் துண்டுகள். எல்லாம் சேர்ந்து தளர்ந்துபோனால் ஓட்டுநர் ஸ்டியரிங்கில் சொல்வதும் சக்கரம் செய்வதும் வேறு வேறாகிவிடும்.

தளர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சின்னக் கடப்பாரை ஒன்றை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல ரப்பர் விட்டுக்கொடுத்துத் திரும்பி வரும். செத்த ரப்பர் டக்கென்று இடிக்கும், இல்லையென்றால் அசையவே அசையாது. குழாய் துளையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இறங்கி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஆர்ம் மட்டும் நகர்ந்தால் விஷயம் முடிந்தது. ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும் என்பதால், டயர்மேல் உட்கார்ந்துகொண்டே முன் சஸ்பென்ஷன் முழுவதையும் பார்க்க முடியும். இவ்வளவு வசதியாக வேலை செய்யவிடுகிற வண்டி வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஓட்டும்போதும் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டி நேராகத்தான் போகும். ஆக்சிலரேட்டரை விட்டதும் ஒரு பக்கம் லேசாக நகரும், திரும்ப மிதித்ததும் மறுபக்கம் நகரும். ரேடியஸ் ஆர்ம் புஷ் போய்விட்டதன் அடையாளம் இது. பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் நகர்ந்து, பின்பக்கமே சின்னதாக ஸ்டியரிங் செய்துகொண்டிருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில் வகை, அதாவது ஒவ்வொரு பின் சக்கரத்தின் தண்டும் டிஃபரன்ஷியல் பக்கத்து மூட்டில் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு. 1970இல் வந்த மார்க் 4இல் ஸ்பிரிங்கின் அமைப்பையே மாற்றி இதை அடக்கினார்கள். மார்க் 3 வைத்திருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது பின்பக்க ரப்பர் நன்றாக இருந்தே ஆக வேண்டும்.

சரி, எதை வாங்குவது? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும் உடனே பாலி போடு என்பார்கள். பாலி என்றால் பாலியூரித்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பளிச்சென்று இருக்கும். ஆயுள் அதிகம், எண்ணெய் பட்டால் கெடாது, கையாலேயே போட்டுவிடலாம். மூன்றும் உண்மைதான். ஆனாலும் வண்டி முழுவதும் பாலி போடுவதை நான் ஏற்பதில்லை.

என் பிழைப்பு ஓசூரில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். ரப்பரின் கடினத்தை டியூரோமீட்டர் என்ற சின்னக் கருவியால் அளப்போம். ஷோர் ஏ என்பது அதன் அளவுகோல், பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை. கார் டயரின் மேல் ரப்பர் 60க்கும் 70க்கும் நடுவில் வரும். என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய கீழ் ஆர்ம் புஷ் 80ஐத் தாண்டியது. நான் தேர்ந்தெடுத்த புது ரப்பர் புஷ் 60ஐ ஒட்டி நின்றது. கடையில் கிடைக்கிற பாலி புஷ்கள் பெரும்பாலும் 80, 90 என்ற அளவில்தான் இருக்கும். அதாவது ஐம்பது வருடத்தில் ரப்பர் கெட்டுப்போய் அடைந்த கடினத்தில் பாலி தொடங்குகிறது. அது கெட்டுப்போன ரப்பர் போல வெடிக்காது, உள்ளே தள்ளாடாது, அது வேறு. ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் சேஸிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இரண்டும் ஒன்றுதான். நிறத்தைப் பார்த்துக் கடினத்தைக் கணிக்கவும் முடியாது. ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொரு கம்பெனியின் மஞ்சளாக இருக்கும். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் எங்கள் ஊருக்கே உரியது. பாலி புஷ், ரப்பர் போல முறுக்கிக்கொடுப்பதில்லை. உள் குழாயின்மேல் வழுக்கித் திரும்புகிறது. அதனால்தான் அதற்கு கிரீஸ் வேண்டும். கிரீஸ் இருக்கிற இடத்தில் தூசி ஒட்டும். கிருஷ்ணகிரி கிரானைட் ஊர். பர்கூர்ப் பக்கம் போனாலும் சரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் போனாலும் சரி, குவாரியும் கல் அறுக்கிற பட்டறையும் கிரஷரும் இல்லாத சாலை குறைவு. இங்கே காற்றில் இருக்கிற தூசி வெறும் மண் இல்லை. அதில் கல்லைத் தேய்க்கிற அளவுக்குக் கடினமான குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. கிரீஸும் அந்தத் துகளும் சேர்ந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்தான். குழாயை அரிக்கும், புஷ்ஷைத் தேய்க்கும், கிரீஸ் காய்ந்ததும் கீச் கீச்சென்று கத்தும். பிணைத்த ரப்பர் புஷ்ஷில் வழுக்குகிற பரப்பே இல்லாததால் தூசிக்கு அங்கே வேலையில்லை. இங்கிலாந்தின் ஈரமான சாலைக்கும், வாரத்தில் ஒரு நாள் பந்தயத் தடத்தில் ஓடுகிற வண்டிக்கும் பாலி சரியாக இருக்கலாம். காவேரிப்பட்டணத்துக்கும் ராயக்கோட்டைக்கும் போய்வருகிற வண்டிக்கு நல்ல ரப்பரை விட மேலானது இல்லை என்பது என் முடிவு.

ஆனால் இதிலும் ஒரே மருந்தை எல்லா இடத்துக்கும் போட முடியாது. அந்த மூட்டு எப்படி அசைகிறது என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டுக்கும் ரப்பர். ரேடியஸ் ஆர்முக்கு ரப்பர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்விங் ஆக்ஸிலில் சக்கரம் ஏறி இறங்கும்போது மேல்கீழாக மட்டும் போவதில்லை, கொஞ்சம் உள்ளும் வெளியும் நகர்கிறது. அதனால் ரேடியஸ் ஆர்ம் தன் போல்ட்டைச் சுற்றித் திரும்புவதோடு பக்கவாட்டிலும் லேசாகச் சாய வேண்டும். ரப்பர் அந்தச் சாய்வுக்கு இடம் கொடுக்கும். கெட்டியான பாலி கொடுக்காது. அது கொடுக்காவிட்டால் அந்த விசை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் போய்ச் சேரும். பட்டை ஸ்பிரிங் கண்ணுக்கும் அதே நியாயம்தான்.

ஆன்டி ரோல் பாரில் நான் பாலி போட்டேன். அங்கே புஷ்ஷின் வேலை பாரைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். ரப்பர் நசுங்குவதில் வீணாகிற அசைவு குறைந்தால் பார் உடனே வேலை செய்யத் தொடங்கும். கழற்றி கிரீஸ் வைப்பதும் சுலபம், இரண்டு போல்ட் வேலை. ஸ்டியரிங் ரேக்கின் தாங்கிகளுக்கும் பாலிதான். ரேக் எஞ்சினுக்கு முன்னால், டைமிங் கவருக்குக் கீழே இருக்கிறது. முன் சீலிலிருந்து கசிகிற எண்ணெய் நேராக அங்கேதான் சொட்டும். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிக் குழைந்துவிடும். ரேக் அசைந்தால் ஸ்டியரிங்கில் துல்லியம் போய்விடும். இந்த இரண்டு இடத்திலும் பாலிக்கு நூற்றுக்கு நூறு. டிஃபரன்ஷியல் தாங்கிக்குப் பாலி போட்ட வண்டி ஒன்றில் பெங்களூரு வரை போயிருக்கிறேன். கியரின் ஊளைச் சத்தம் சத்தமாகவே காதில் இருந்தது. அந்த இடத்துக்கு ரப்பரே போதும்.

பாலியிலும் இரண்டு குலம் உண்டு. பாலியெஸ்டர் அடிப்படையில் செய்தது ஈரத்தில் காலப்போக்கில் சிதையும். பாலியீத்தர் அடிப்படையில் செய்தது தாங்கும். மழைக்காலத்தில் ஓட்டுபவர்கள் இதையும் கேட்டு வாங்குவது நல்லது.

ரப்பரே போதும் என்று முடிவு செய்தாலும் எந்த ரப்பர் என்ற கேள்வி நிற்கிறது. இந்த வண்டிகளுக்குப் புதிதாகச் செய்து விற்கிற ரப்பர் பாகங்களில் தரம் ஒரே மாதிரி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு தொகுதியில் மேல் ஆர்ம் புஷ்கள் சில மாதத்துக்குள்ளேயே விளிம்பில் வெடித்தன. கையில் எடுத்தபோதே கருப்பு மாவு போல ஒட்டியது. கார்பன் பிளாக்கையும் மலிவான நிரப்பியையும் அதிகமாகப் போட்டு, ரப்பரைக் குறைத்துச் செய்த கலவையின் அடையாளம் அது. நல்ல ரப்பரை விரல் நகத்தால் அழுத்தினால் தடம் உடனே மறையும், வளைத்தால் வெள்ளைக் கோடு தெரியாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு ஆபத்து, பழைய சரக்கு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடினால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்துப் பாகங்கள் அட்டைப் பெட்டி பிரிக்காமல் இன்னும் எங்காவது கிடைக்கும். இரும்புப் பாகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அன்றைய எஃகு அருமையானது. ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் மூப்படைகிறது. காற்றில் இருக்கிற ஆக்ஸிஜனும் ஓசோனும் அதன் சங்கிலிகளை வெட்டிக்கொண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டும் இருக்கின்றன. ஐம்பது வருடம் அலமாரியில் இருந்த புஷ், வண்டியில் இருந்த புஷ்ஷை விட ரொம்ப இளமையானது இல்லை.

கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டி புஷ் செய்துகொள்ளலாம் என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் சொல்வார்கள். லாரிக் கேபினுக்கு அடியில், ஜெனரேட்டருக்கு அடியில் அந்தப் பெல்ட் துண்டு அழகாக வேலை செய்கிறது. ஸ்பிட்ஃபயரின் உடலுக்கும் சேஸிக்கும் நடுவில் வைக்கிற அட்டைகளை நானும் பெல்ட்டில்தான் வெட்டினேன், பத்து வருடத்துக்குக் கவலையில்லை. ஆனால் பெல்ட்டுக்குள் துணி அடுக்கு இருக்கிறது. அமுக்கத்தைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். ஆர்ம் புஷ்ஷின் வேலையே முறுக்குவதுதான் என்பதால் அங்கே பெல்ட் வேண்டாம்.

இனிக் கழற்றுவது. வேலையில் எரிச்சலான பகுதி இதுதான். ஸ்பேனர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு. அதிகம் தேவைப்படுவது அரை அங்குலமும் ஒன்பதில் பதினாறு அங்குலமும். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்காருவது போலத் தோன்றும், ஆனால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் லூஸ். துரு பிடித்த நட்டின் முனையை உருட்டிவிட அது போதும். ஒன்பதில் பதினாறுக்கு 14 நுழையாது, 15 சுற்றும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் வண்டி தரையில் நிற்கும்போதே, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். கீழ் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் இருக்கும். அவைதான் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. எந்த போல்ட்டில் எத்தனை தகடு என்று குறித்து, அந்தந்தக் கூட்டத்தைக் கம்பியால் கட்டித் தனித்தனியாக வையுங்கள். பின்னால் ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டில் இருக்கிற தகடுகள் பின் சக்கரத்தின் டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவைத் தீர்மானிக்கும். அவற்றுக்கும் அதே மரியாதை.

ஸ்பிட்ஃபயரில் ஒரு பெரிய நிம்மதி, முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுதி. மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட். கழற்றினால் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே ஷாக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பல வண்டிகளில் ஆர்மைக் கழற்றும்போது ஸ்பிரிங் தெறிக்கும் அபாயம் உண்டு. இங்கே அந்தத் தொகுதியின் நடு நட்டைத் தொடாத வரைக்கும் அந்தப் பயம் இல்லை. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது போல்ட்டுதான். புஷ்ஷின் உள் குழாயும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிடும். நட்டு கழன்றுவிடும், போல்ட் வராது. திருப்பினால் ரப்பர்தான் திரும்பும். சில நாள் முன்னாலிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் பாதி வரும். மீதியை ஹேக்சா பிளேடால் அறுப்பதுதான் வழி. கேஸ் வெல்டிங் வைத்து ரப்பரைக் கொளுத்துவது பட்டறைப் பழக்கம். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, ஆர்மின் தகடும் வளைந்துபோகும். நான் அதை அனுமதிப்பதில்லை.

பழைய புஷ்ஷை ஆர்மிலிருந்து எடுக்கப் பிரஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீளமான போல்ட் ஒன்று, புஷ் உள்ளே போகிற அளவுக்குப் பெரிய சாக்கெட் ஒன்று, புஷ்ஷை விடச் சின்ன சாக்கெட் ஒன்று. மூன்றையும் கோத்து நட்டை முறுக்கினால் சின்னது தள்ள, பெரியதற்குள் புஷ் வந்து விழும். ராயக்கோட்டை சாலையில் லாரிகளுக்கு டார்க் ராடு (ஆக்ஸிலைச் சேஸியோடு பிடிக்கிற தண்டு) புஷ் மாற்றுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே பிரஸ் இருந்ததால் நான் ஆர்ம்களை அங்கே கொண்டுபோனேன். இருபது டன் லாரிக்கு வேலை செய்கிற அந்த அண்ணன் என் ஆர்மைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, கதவுக் கீல் மாதிரி இருக்குது" என்றார். ஆனால் பிரஸ்ஸில் வைக்கும்போது அடியில் சரியான வளையம் கொடுத்து, தகடு வளையாமல் பொறுமையாக அமுக்கினார். எடையைப் பார்த்து அவர் தன் கவனத்தைக் குறைக்கவில்லை.

புஷ் வந்த பிறகு கண்ணின் உட்புறத்தை எமரியால் சுத்தம் செய்து, பிசிறு இல்லாமல் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சோதியுங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் அந்த ஆர்ம் வேண்டாம், எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் பிடிக்காது. புது ரப்பரை உள்ளே போடச் சோப்புத் தண்ணீர் போதும். வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தொடவே கூடாது. ரப்பரையும் கெடுக்கும், பிடிப்பையும் கெடுக்கும். பாலிக்கு அதோடு வருகிற சிலிகோன் கிரீஸை மட்டும் தாராளமாகப் பூசுங்கள்.

முன்பக்கம் கழற்றியிருக்கும்போதே ட்ரனியனையும் பார்த்துவிட வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குள் போக வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். டிராக்டர் பாகங்கள் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். கிரீஸ் வைத்தால் மரையின் அடிவரை போகாது, நாளாவட்டத்தில் கெட்டியாகிவிடும். அந்த இடைவெளியில் தண்ணீர் தங்கி எஃகுத் தண்டை அரிக்கும். தண்டு மரையின் அடியில் முறிந்தால் சக்கரம் உள்ளே மடிந்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே. இந்தக் குடும்பத்து வண்டிகளில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் இது. ஒழுங்காக ஆயில் விட்டால் எந்தப் பிரச்சினையும் வராது. கழற்றினால் இடது வலது இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்றில் வலமரை, இன்னொன்றில் இடமரை.

இப்போது திரும்பப் பூட்டுவது. இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

வண்டி ஸ்டாண்டின்மேல் இருக்கிறது. சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. புது புஷ், புது போல்ட், புது நைலான் நட்டு. கைக்கு எட்டுகிற இடத்தில் எல்லாம் வசதியாக இருக்கும்போது யாருக்கும் முழு டைட் வைத்துவிடத்தான் தோன்றும். அப்படி வைத்தால் என்ன ஆகிறது? உள் குழாய் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்கிறது. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வருகிறது, ரப்பர் அந்த அளவுக்கு முறுக்கிக்கொள்கிறது. ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் அது முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஒரு பள்ளத்தில் சக்கரம் மேலே போனால் ஏற்கெனவே முறுக்கியிருக்கிற ரப்பர் இன்னும் முறுக்க வேண்டும். எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் சீக்கிரமே கிழிந்துவிடும். அதுவரைக்கும் ஒவ்வொரு புஷ்ஷும் ஒரு குட்டி ஸ்பிரிங்காக வண்டியை மேலே தூக்கிப் பிடிக்கும், உயரம் தப்பாக நிற்கும். ரப்பர் நாலு மாதத்தில் போய்விட்டது, பாலிதான் நல்லது என்று சொல்கிறவர்களில் பல பேருக்கு நடந்தது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாலி வழுக்கித் திரும்புவதால் தொங்கிய நிலையில் டைட் வைத்தாலும் பெரிதாகப் பாதிக்காது. பொருளின் குணத்துக்கு வரவேண்டிய பழி இல்லை அது.

புத்தகம் எதுவும் படிக்காமலே டார்க் ராடு அண்ணனுக்கு இது தெரிந்திருந்தது. ஆர்ம்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அவராகவே சொன்னார்: "தொங்க விட்டு டைட் வச்சிராத தம்பி. வண்டி பாரம் கீழ இறங்கி நிக்கட்டும், அப்புறம் வை."

அதனால் ஆர்ம் போல்ட்களையெல்லாம் கையால் திருப்பி, நட்டு முகத்தைத் தொடுகிற அளவுக்கு மட்டும் வைத்து வண்டியை இறக்கினேன். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே சக்கரங்கள் உள்ளே இழுத்தபடி நிற்கும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமுக்கிவிட்டால்தான் அது தன் இயல்பான உயரத்துக்கு வரும். இரண்டு இருக்கையிலும் ஆள் எடை இருக்க வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டைகளை மும்மூன்றாக வைத்தோம். முக்கால் டன் வண்டியில் இரண்டு ஆள் ஏறினால் உயரம் நன்றாகவே மாறும், அதனால் இதைத் தவிர்க்கக் கூடாது. முதலில் எழுதி வைத்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடியில் எப்படிப் போவது என்பதுதான் எல்லோருக்கும் வருகிற சந்தேகம். வண்டி தாழ்வானது, தரையில் நின்றால் அடியில் கை நுழையாது. லாரிப் பட்டறையில் இருக்கிற குழிதான் இதற்குச் சரியான இடம். லாரியின் சக்கர அகலத்துக்கு வெட்டிய குழி என்பதால், ஸ்பிட்ஃபயரை அதன்மேல் நிறுத்தப் பக்கத்துக்கொன்றாகத் தடித்த பலகை போட்டு, மிக மெதுவாக உருட்ட வேண்டியிருந்தது. குழி கிடைக்காதவர்கள் நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்தில் மரக்கட்டை அடுக்கி நிறுத்தலாம். பாரம் சக்கரத்தில் இருக்க வேண்டும், நாலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

குழிக்குள் நின்று கீழ் ஆர்ம், ரேடியஸ் ஆர்ம், ஷாக்கின் கீழ்க் கண் என்று வரிசையாக டார்க் ரென்ச்சில் டைட் வைத்தோம். மேல் ஆர்முக்குக் குழி வேண்டாம், பானெட்டைத் திறந்தால் மேலிருந்தே எட்டும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் கண்ணுக்கும் இதே முறைதான். ஆனால் அதைக் கழற்றும்போது சக்கரத் தண்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங்கின் விசையை மெதுவாக இறக்க வேண்டும். அந்த ஒரு வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள்.

புஷ் மாற்றினால் சக்கரங்களின் கோணம் மாறியே தீரும். பழைய புஷ் ஒரு பக்கமாக இறங்கியிருந்த நிலையில் வைத்த அலைன்மென்ட் புதுசுக்குப் பொருந்தாது. வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, முன் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து டோவைச் சரி செய்தேன். அலைன்மென்ட் கடைக்குப் போனாலும் சரிதான். அங்கே ஸ்விங் ஆக்ஸில் வண்டியின் பின் சக்கரம் சாய்ந்திருப்பதைப் பார்த்து ஆக்ஸில் வளைந்துவிட்டது என்று சொன்னால் பதற வேண்டாம். அதன் அமைப்பே அப்படித்தான், உயரம் மாறினால் சாய்வும் மாறும்.

தொப்பூர் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, மிதித்து, திரும்ப விட்டுப் பார்த்தேன். பின்பக்கம் நகரவில்லை. காவேரிப்பட்டணத்துக்குள் வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் வந்துகொண்டிருந்த டக் சத்தம் இல்லை. ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த தளர்வு போயிருந்தது, அதற்கு ரேக் தாங்கிகள்தான் காரணம். சாலையின் சொரசொரப்பு இருக்கையில் முன்பை விடக் குறைவாகத் தெரிகிறது. பாலி போட்ட நண்பரின் வண்டியில் ஏறி இறங்கினால் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகப் புரியும்.

முதல் முந்நூறு கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதுவும் வண்டி தரையில் நிற்கும்போதே. ட்ரனியனுக்கு ஆயில் விடும்போதெல்லாம் ஆன்டி ரோல் பார் புஷ்ஷைக் கழற்றி, பழைய கிரீஸைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுசு வைக்கிறேன். கல் தூள் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று அந்தத் துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ரேடியஸ் ஆர்ம் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில் இல்லை, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற முழு ஆக்ஸில். பார்க்க ஒரே குடும்பம் போல இருந்தாலும் இங்கே சொன்ன பின்பக்க வேலை எதுவும் அதற்குப் பொருந்தாது.